கப்சாய்க்கு எந்தப் பிளக்? பட்டறை வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். லிந்தாங் பக்கத்திலிருந்தும் லாசா பக்கத்திலிருந்தும் வருகிற தோட்டத்து மோட்டார்கள்தான், அதாவது கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிள்கள்தான் என் பிழைப்பு. பத்தில் எட்டுப் பேர் மோட்டாரை நிறுத்தும் முன்பே "அண்ணே, பிளக் மாத்துங்க" என்பார்கள். எஞ்சினுக்குள் பொறி எழுப்பிப் பெட்ரோலைப் பற்ற வைக்கும் ஸ்பார்க் பிளக்கைச் சொல்கிறார்கள். பாதிப் பேருக்கு மாற்ற வேண்டியது பிளக்காக இருக்காது. ஒரே பதிலை ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைத்துவிட்டேன்.

காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) கிளம்பும்போது ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது. பிளக் போயிடுச்சா?

முதலில் நான் திருப்பிக் கேட்பது: ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள்? லயத்திலிருந்து (தோட்டத்து வீட்டு வரிசையிலிருந்து) பெரட்டுக் களத்துக்கு ஒரு கிலோமீட்டர். அங்கிருந்து வேலை செய்யும் நிரைக்கு (மர வரிசைக்கு) இன்னொன்று. மத்தியானம் திரும்பி வர இரண்டு. நடுவில் பத்துத் தடவை நிறுத்தி நிறுத்தி எடுப்பது. பின்னால் செம்பனைக் கத்தி கட்டியிருக்கும், மண்ரோடு, மூன்றாவது கியரைத் தாண்டவே வழியில்லை.

பிளக்கின் நுனி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள ஏறத்தாழ 450 முதல் 500 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அந்தச் சூட்டில்தான் மேலே படியும் கரி எரிந்துபோகும். ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில் எஞ்சினே சரியாகச் சூடாகாது, பிளக் எங்கே சூடாகும்? கரி அடுக்கடுக்காகப் படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும். பொறியாகப் பாய வேண்டிய மின்சாரம் கரி வழியே நழுவி இரும்புக்குள் இறங்கிவிடும். நீங்கள் மிதித்துக்கொண்டே இருப்பீர்கள், கிராணி (தோட்டக் கணக்கர்) வரவில்லை என்று உங்கள் பெயருக்கு நேரே கோடு போட்டுவிடுவார்.

இதற்குப் புதுப் பிளக் போட்டால் இரண்டு வாரம் நன்றாக ஓடும். மூன்றாவது வாரம் அதே கதை. வாரத்துக்கு ஒருமுறையாவது டவுனுக்கு வரும்போது, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, பெரிய ரோட்டில் பதினைந்து இருபது நிமிடம் நாலாவது கியரில் ஓட்டுங்கள். காற்று ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள், செம்மண் தூசி அடைத்திருந்தால் மாற்றுங்கள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக்கை இழுத்துவிட்டு மறந்து ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். இதெல்லாம் செய்த பிறகும் கறுத்தால் பிளக் எண்ணைப் பற்றிப் பேசலாம்.

என் மோட்டாருக்கு எந்த எண் என்று எங்கே பார்ப்பது?

மோட்டாரோடு வந்த கையேட்டில். தொலைந்துவிட்டதென்றால் பிளக் கம்பெனியின் பட்டியலில் மாடல், ஆண்டு இரண்டையும் வைத்துத் தேட வேண்டும். ஆண்டு முக்கியம். ஹோண்டா ஈஎக்ஸ்5 என்ற ஒரே பெயரில் கார்புரேட்டர் மோட்டாரும் உண்டு, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் மோட்டாரும் உண்டு. பெயர் ஒன்று என்பதற்காகப் பிளக் ஒன்றாகாது.

இப்போது எஞ்சினில் இருக்கிற பிளக்கைக் கழற்றி "இதே மாதிரி ஒண்ணு குடுங்க" என்று கேட்பதுதான் எல்லோருடைய வழக்கம். உங்களுக்கு முன் அந்த மோட்டாரை வைத்திருந்தவர் தவறானதைப் போட்டிருந்தால், அந்தத் தவறைக் காசு கொடுத்து வாங்கிப் போவீர்கள். செகண்ட்ஹேண்ட் மோட்டார் வாங்கியவர்கள் கட்டாயம் ஒருமுறை சரிபாருங்கள்.

பிளக் மேல் இருக்கிற எழுத்தும் எண்ணும் என்ன சொல்கின்றன?

இங்கே கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை என்ஜிகே அல்லது டென்சோ. இரண்டும் ஜப்பான்காரர்களுடையவை. என்ஜிகே குறியீட்டை ஒருமுறை படிக்கக் கற்றுக்கொண்டால் வாழ்நாளுக்குப் போதும்.

முதல் எழுத்து மரையின் (திருகுப் புரியின்) விட்டம். 'சி' என்றால் 10 மில்லிமீட்டர். 'டி' 12. இரட்டை வயிறு வைத்த 'பி' 14. கப்சாய்களில் அநேகமாக 'சி'. பிளக் ஸ்பேனரும் அதற்கேற்ப மாறும்: சி-க்கு 16 மில்லிமீட்டர், டி-க்கு 18, பி-க்கு 20.8.

அதன் பின்னால் ஒற்றை வயிறு வைத்த 'பி' வந்தால், வெள்ளைப் பீங்கான் மூக்கு சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகை. தமிழில் எழுதினால் இரண்டு பி-யும் ஒன்றாகத்தான் தெரியும், பெட்டியில் வயிற்றை எண்ணிக்கொள்ளுங்கள். 'ஆர்' வந்தால் உள்ளே மின்தடை இருக்கிறது. நடுவில் வரும் எண் சூட்டு அளவு. அதன் பின்னால் 'எச்' என்றால் மரையின் நீளம் 12.7 மில்லிமீட்டர், 'ஈ' என்றால் 19. கடைசியில் கோடு போட்டு 9 என்று இருந்தால், நடுக்கம்பிக்கும் வெளியே வளைந்திருக்கும் கொக்கிக்கும் நடுவில் பொறி பாயும் இடைவெளி 0.9 மில்லிமீட்டர்.

யமஹா ஒய்15இசட்ஆர் மோட்டாரின் பிளக் சிபிஆர்8ஈஏ-9. மேலே சொன்னதை வைத்துப் படியுங்கள்: 10 மில்லிமீட்டர் மரை, நீட்டிய மூக்கு, உள்ளே மின்தடை, சூட்டு எண் 8, நீள மரை, 0.9 இடைவெளி. ஹோண்டா வேவ் 125-க்கு சிபிஆர்6ஈஏ-9. எண்ணைத் தவிர எல்லாம் ஒன்றுதான். பழைய கார்புரேட்டர் ஈஎக்ஸ்5-இல் போடுவது சி-எச்எஸ்ஏ குடும்பம் (கோடு இருக்கும் இடத்தில் சூட்டு எண் வரும்), அதாவது குட்டை மரை.

டென்சோவில் எண் வேறு கணக்கு. என்ஜிகே 6 என்றால் டென்சோ 20, 7-க்கு 22, 8-க்கு 24, 9-க்கு 27. இரண்டிலும் எண் ஏற ஏறக் குளிர்ப் பிளக் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்). பாஷ், சாம்பியன் இரண்டிலும் தலைகீழ், எண் ஏறினால் சூடு. பெட்டியை மாற்றும்போது இதை மறந்தவர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள்.

மரை சரியாகப் பிடிக்குது, ஸ்பேனரும் பொருந்துது. அப்புறம் என்ன, போட்டுக்கலாமே?

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

குட்டை மரை சி-எச்எஸ்ஏ, நீள மரை சி-ஈஏ இரண்டும் ஒரே 10 மில்லிமீட்டர் விட்டம், ஒரே 16 ஸ்பேனர். குட்டைப் பிளக் போட வேண்டிய ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடியில்) நீளப் பிளக்கைத் திருகினால் வெண்ணெய் மாதிரி உள்ளே போகும். ஆனால் 6 மில்லிமீட்டருக்கு மேல் எரியறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். பிஸ்டன் மேலே வரும்போது அந்த இடத்தில் யாரும் இருக்கக் கூடாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு தம்பி ஈஎக்ஸ்5-ஐத் தள்ளிக்கொண்டு வந்தான். வெளியே எங்கேயோ பிளக் மாற்றியிருக்கிறான். முதல் மிதியிலேயே "டக்" என்றதாம், பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக்கைக் கழற்றினேன். வளைந்த கொக்கி நடுக்கம்பியோடு அப்பிக் கிடந்தது, பிஸ்டன் தலையில் பிறைமாதிரி ஒரு தழும்பு. அவன் அதிர்ஷ்டம், வால்வு தப்பியது. பிஸ்டன் அடிக்காமல் தப்பினாலும் பிரச்சினை உண்டு. உள்ளே நீட்டிய மரையில் கரி இறுகிவிடும், கழற்றும்போது ஹெட்டின் மரையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும்.

எதிர்ப்பக்கம், நீளம் கேட்கும் ஹெட்டில் குட்டையைப் போட்டால் ஒன்றும் உடையாது. ஓடும், ஆனால் மந்தமாக ஓடும். காலியாக நிற்கும் மரையில் கரி நிறையும், பிறகு சரியான பிளக்கைப் போடப் போனால் பாதியில் நின்றுவிடும். பத்து வெள்ளி (ரிங்கிட்) மிச்சம் பிடிக்கப் போய் ஹெட்டை இறக்க வேண்டி வரும்.

சூட்டுப் பிளக், குளிர்ப் பிளக் என்கிறார்களே? குளிர்ப் பிளக் போட்டால் எஞ்சின் குளிருமா?

குளிராது. இது பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதைச் சொல்லும் பேர், அவ்வளவுதான். பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு வெளியேற நேரமாகும், அது சூட்டுப் பிளக். குட்டையாக இருந்தால் சீக்கிரம் இறங்கிவிடும், அது குளிர்ப் பிளக். ஒரு எண் மாற்றினால் நுனியின் சூடு ஏறத்தாழ 70 முதல் 100 டிகிரி வரை மாறும்.

நுனி 450-க்குக் கீழே கிடந்தால் கரி. 800-ஐத் தாண்டினால் பிளக்கின் நுனியே கங்கு மாதிரி சிவந்து, பொறி வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்ற வைத்துவிடும். அதில் பிஸ்டன் ஓட்டையாகும். ஆகவே இரண்டு பக்கத் தவறில், சூடான பக்கம் போகிற தவறுதான் விலை அதிகம்.

பையன்கள் "ரேசிங்" என்று நினைத்து 8 கேட்கும் மோட்டாருக்கு 9 போடுகிறார்கள். சிலிண்டரைப் பெரிதாக்கி, கம்ப்ரஷனை ஏற்றி, நாள் முழுக்க முறுக்கி ஓட்டுகிற எஞ்சினுக்கு அது தேவைப்படலாம். ஸ்டாண்டர்ட் எஞ்சினில் லயத்துக்கும் டவுனுக்கும் ஓடுகிற மோட்டாருக்கு அது வெறும் கரிக்கட்டி. மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஒரு எண்ணுக்கு மேல் போகாதீர்கள், அதுவும் கையேடு அந்த மாற்று எண்ணைக் கொடுத்திருந்தால்.

தைப்பூசத்துக்குப் பத்துமலை வரைக்கும் கப்சாயிலேயே போறோம். பிளக் மாத்தணுமா?

இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். நெடுஞ்சாலையில் மோட்டாருக்கு டோல் இல்லை என்பதால் ஆண்டுதோறும் கூட்டமாகக் கிளம்புகிறீர்கள். பிளக்குக்கு இந்தப் பயணம் கொண்டாட்டம்தான், மாதக்கணக்கில் படிந்த கரியெல்லாம் எரிந்துபோகும். கையேட்டு எண்ணே போதும். சில பழைய மாடல்களின் கையேட்டில் நீண்ட நேர வேக ஓட்டத்துக்கு என்று ஒரு எண் குளிரான பிளக் தனியாகக் கொடுத்திருப்பார்கள், இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், திரும்பி வந்ததும் பழைய எண்ணுக்கு மாறுங்கள். அதைவிட எஞ்சின் எண்ணெய் அளவு, செயின், டயர் மூன்றையும் பாருங்கள். பாதி வழியில் நின்ற மோட்டார்களில் பிளக்கால் நின்றது குறைவு.

இரிடியம் பிளக் போட்டால் வேகம் கூடுமா? பெட்ரோல் மிச்சமாகுமா?

நல்ல நிலையில் இருக்கிற கப்சாயில் உங்கள் தொடைக்குத் தெரியும் அளவுக்கு எதுவும் கூடாது. நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், இரிடியம் 2,446 டிகிரியில். அவ்வளவு கெட்டியான உலோகம் என்பதால் நடுக்கம்பியை மெல்லியதாகச் செய்ய முடிகிறது. என்ஜிகே இரிடியத்தில் 0.6 மில்லிமீட்டர், டென்சோவில் 0.4 வரை போகிறது. மெல்லிய முனையிலிருந்து பொறி பாயக் குறைந்த வோல்டேஜ் போதும். இக்னிஷன் காயிலுக்கு வயதாகிவிட்ட மோட்டார், குளிர்ந்த காலையில் முரண்டு பிடிக்கும் மோட்டார் இவற்றில் அது கொஞ்சம் உதவும். மறுக்கமாட்டேன்.

ஆனால் கரி அடிக்கிற எஞ்சினில் இரிடியமும் கறுக்கும். எஞ்சின் எண்ணெயை எரிக்கிற எஞ்சினில் இரிடியமும் நனையும். சாதாரணப் பிளக் பத்து வெள்ளிக்கு முன்பின் கிடைக்கிறது, இரிடியம் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. அந்தக் காசில் காற்று ஃபில்டரும் ஒரு சாதாரணப் பிளக்கும் வாங்கிவிடலாம். என் சொந்த மோட்டாரில் சாதாரணப் பிளக்தான் இருக்கிறது.

கேப், அதாவது பொறி பாயும் இடைவெளி, எவ்வளவு வைக்க வேண்டும்?

பழைய சி-எச்எஸ்ஏ வகைக்கு 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். கடைசியில் 9 போட்டவற்றுக்கு 0.8 முதல் 0.9. அளவுத் தகடு இல்லாத காலத்தில் இரும்பறுக்கும் ரம்பத்தின் பிளேடை விட்டுப் பார்ப்பார்கள். அந்தப் பிளேடின் தடிமன் ஏறத்தாழ 0.6 என்பதால் பழைய மோட்டார்களுக்கு அது அழகாகப் பொருந்தியது. 0.9 கேட்கும் பிளக்கை அதே பழக்கத்தில் பிளேடு அளவுக்குத் தட்டிச் சுருக்கினால் பொறி சின்னதாகிவிடும், ஸ்லோவில் (முறுக்காமல் எஞ்சின் மட்டும் ஓடும்போது) விக்கும்.

வளைப்பது வெளிக்கொக்கியை மட்டும். நடுக்கம்பியில் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி நெம்பினால் பீங்கான் விரிசல் விடும். இரிடியம் பிளக்கைத் தட்டவே வேண்டாம், முனை ஒடிந்துவிடும்.

கழற்றிய பிளக்கின் நிறத்தைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

வெளிர்ப் பழுப்பு அல்லது சாம்பல் என்றால் கவலை வேண்டாம். இன்ஜெக்‌ஷன் மோட்டார்களில் இன்னும் வெளுப்பாகவே இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெட்ரோலில் கலக்கும் மருந்துகளால் சிலதில் செம்மை படரும், அதுவும் நோய் இல்லை.

காய்ந்த கறுப்புப் பொடி என்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு, அல்லது முதலில் சொன்ன குட்டை ஓட்டம். கறுத்து, தொட்டால் வழவழவென்று ஈரமாக இருந்தால் எஞ்சின் எண்ணெய் மேலே ஏறுகிறது. வால்வு சீல் அல்லது பிஸ்டன் ரிங். அந்த நேரத்தில் பிளக் மாற்றச் சொல்கிறவரிடம் நான் காசு வாங்குவதில்லை, வாங்கினால் பத்து நாளில் என்னைத் திட்டுவார். சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, மூக்கில் கொப்புளமும் குட்டிக் குட்டி உலோக மணிகளும் தெரிந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் காற்று புகுகிறதா, எண் தவறா என்று பார்க்க வேண்டும்.

நிறம் பார்க்க வேண்டுமென்றால் ஓட்டிவந்து உடனே நிறுத்திய மோட்டாரில் பாருங்கள். பத்து நிமிடம் ஸ்லோவில் நின்ற மோட்டாரின் பிளக் எல்லாமே கறுப்பாகத்தான் இருக்கும்.

'ஆர்' இல்லாத பிளக் பொறி பலமாக இருக்கும் என்கிறார்களே?

உள்ளே இருக்கும் ஏறத்தாழ 5 கிலோ ஓம் மின்தடை பொறி எழுப்பும் ரேடியோ இரைச்சலை அடக்குகிறது. இன்ஜெக்‌ஷன் மோட்டாரில் மின்னணுப் பெட்டி ஒன்று உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது, அந்த இரைச்சல் அதைக் குழப்பும். மீட்டர் முள் ஆடும், காரணமில்லாமல் நிற்கும். ஆர் கேட்டால் ஆர் போடுங்கள்.

பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி போடலாமா?

அவசரத்துக்குச் செய்யலாம். பழைய பல்துலக்கி, கொஞ்சம் பெட்ரோல், பிறகு நன்றாகக் காயவிடுவது. கம்பி பிரஷ் வேண்டாம், அதன் உலோகம் பீங்கானில் கோடு கோடாக ஒட்டிக்கொண்டு மின்சாரத்துக்குப் பாதை போட்டுக் கொடுக்கும். பெட்ரோலில் நனைத்த கையோடு லைட்டரால் பிளக்கைச் சுடுகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஐயா, தயவுசெய்து வேண்டாம்.

நானே மாற்றிக்கொள்ளலாமா?

தாராளமாக. எஞ்சின் குளிர்ந்த பிறகு. ஹெட் அலுமினியம், சூட்டில் திருகினால் மரை பிய்யும். கப்சாயில் சிலிண்டர் படுத்திருப்பதால் தோட்டத்து ரோட்டின் மண் முழுக்கப் பிளக் குழியில்தான் அப்பியிருக்கும். கழற்றும் முன் காற்றடித்து ஊதுங்கள், இல்லாவிட்டால் மண் சிலிண்டருக்குள் விழும்.

புதுப் பிளக்கைக் கையாலேயே திருகத் தொடங்குங்கள். விரல் போகாத இடமென்றால் பெட்ரோல் குழாயில் ஒரு சாண் வெட்டிப் பிளக் தலையில் மாட்டித் திருகலாம். மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கும், ஸ்பேனராக இருந்தால் நாசமாக்கிவிட்டுத்தான் நிற்கும். கையால் இறுகி நின்ற பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று. அந்த அரைச் சுற்றில் வாஷர் நசுங்கி உட்காரும். முன்பே போட்டிருந்த பிளக் என்றால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியது, லேசாக ஒரு தொடுதல் போதும். இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ஸ்பேனர் வைத்திருப்பவர்களுக்கு 10 மில்லிமீட்டர் மரைக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர். செம்பனைக் குலை வெட்டுகிற கையின் பலத்தைக் காட்டும் இடம் இது இல்லை.

பிளக் தலையில் குட்டி நட்டு ஒன்று இருக்கும். அநேகக் கப்சாய்களில் பிளக் மேல் மாட்டும் ரப்பர் கேப் அந்த நட்டு இல்லாத மரையைத்தான் கவ்வும். பழைய பிளக்கில் எப்படி இருந்ததோ அப்படி வையுங்கள்.

மழை பெய்தால் மட்டும் விக்குது. பிளக்தானே?

அநேகமாகப் பிளக் கேப். ரப்பர் வெடித்து உள்ளே தண்ணீர் போகிறது. இருட்டில் எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள், கேப்பைச் சுற்றி நீலமாக மினுமினுக்கும். தொட்டுப் பார்க்க வேண்டாம், தூக்கி அடிக்கும்.

போலிப் பிளக்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெட்டியை நம்பாதீர்கள், பெட்டி அச்சடிப்பது சுலபம். பீங்கானில் உள்ள எழுத்தை நகத்தால் சுரண்டுங்கள், உதிர்ந்தால் சந்தேகம். புதுப் பிளக்கின் வாஷர் தானாகக் கழன்று கையில் விழக் கூடாது. கொக்கி நடுக்கம்பிக்கு நேராக நிற்க வேண்டும். எல்லாக் கடையிலும் பத்து வெள்ளி விற்பதை ஒருவர் மூன்று வெள்ளிக்குக் கொடுத்தால் அதற்குக் காரணம் இருக்கும்.

புல்வெட்டும் மெசினின் பிளக்கைக் கப்சாயில் போட முடியுமா?

சிரிக்காதீர்கள், கேட்டிருக்கிறார்கள். முடியாது, அது பெரும்பாலும் 14 மில்லிமீட்டர் மரை.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது?

சாதாரணப் பிளக்கென்றால் மாடலைப் பொறுத்து 8,000 முதல் 12,000 கிலோமீட்டர் வரை கையேடுகள் சொல்கின்றன. தோட்டத்துக் குட்டை ஓட்டத்துக்கு நான் 8,000 என்றே வைத்துக்கொள்கிறேன். கழற்றிய பழைய பிளக்கின் கொக்கி தேயாமல், பீங்கான் விரிசல் இல்லாமல் இருந்தால் எறியாதீர்கள். துடைத்துத் துணியில் சுற்றி, 16 ஸ்பேனரோடு சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள். காலை ஐந்தரைக்கு நம் பட்டறை திறந்திருக்காது.